பூவுக்கு ஷிப்டு போட்டவள்

வாசல் நிறையப் பூச்செடி வைத்துக்கொண்டு, ஒரு பூவைக்கூடத் தலையில் வைக்காத, சாமி படத்துக்குப் போடாத, கேட்டவர்களுக்கும் பறித்துத் தராத பெண்பிள்ளை என்று என் ஆயுளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். காலடிப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எனக்கு நேர் எதிர் வீட்டுக்காரி. நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை ‘இன்னாமே’ என்பாள். அதற்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குச் சந்து. இரண்டு பக்கமும் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்ட் ஷீட்டு. நான் வாசற்படிக்குள்ளே தையல் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் அவள் வாசல்தான் தெரியும். சுவரோரமாகப் பெயிண்ட் வாளிகள், காசிமேட்டில் மீன் வந்து இறங்கின தெர்மாகோல் பெட்டிகள், விளிம்பு உடைந்த ஒரு குடம். எல்லாவற்றிலும் செடி. ரோஜா கிடையாது, மல்லி கிடையாது, சாமந்தி கிடையாது. சங்குப்பூ, பத்துமணிப்பூ, அந்திமந்தாரை. காலையில் விரிந்தால் சாயங்காலத்துக்குள், சாயங்காலம் விரிந்தால் மறுநாள் காலைக்குள் கதை முடிந்துபோகிற ஜாதி.

குடிவந்த புதிதில், ஓர் ஆடி வெள்ளியன்று, அம்மன் படத்துக்கு நீலமாக இரண்டு சங்குப்பூ பறிக்கலாம் என்று சந்தைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினேன். உள்ளேயிருந்து ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அத்தத் தொடாதமே. அது டூட்டில கீது.”

எனக்குப் புரியவில்லை. விளையாடுகிறாள் என்று சிரித்தேன்.

“மெய்யாலுமேதான். காலை ஷிப்டு சங்குப்பூ. வெயில் ஏறிச்சின்னா பத்துமணி எய்ந்து வந்து மாத்தி வுடும். சாயங்காலம் அந்திமந்தாரை. ராத்திரி பூரா அதான் முயிச்சிகினு கெடக்கும்.”

“பூவுக்கு பி.எஃப். புடிக்கிறியாக்கா?”

“சிரி, சிரி. உனுக்கு இன்னா, நீ புதுசு.”

அவள் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் நுனி படாமல் நகத்தின் பின்பக்கத்தால் ஒவ்வொரு இதழாகத் திருப்பிப் பார்த்தாள். ஓரம் கருகியிருக்கிறதா, நீலம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறாள். பார்த்து முடித்துவிட்டுத்தான் எனக்குக் காபி போட உள்ளே போனாள்.

காரணம் உள்ளே கட்டிலில் இருந்தது. மாமா, அவள் புருஷன். ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக டிரம் கழுவிக்கொண்டிருந்தவர். நான் அங்கே வருவதற்குப் பல வருஷம் முன்னால் ஒரு நாள் காலையில், அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசல் தெளிக்க வந்தவள், செடியில் அன்றைக்கு விரிந்த சங்குப்பூ எல்லாம் ஓரம் வெந்து, நீலம் போய், ஒரு மாதிரி அழுகின பச்சையாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். என்னடா இது, பூச்சி அடித்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டு தெளித்து, பெருக்கி, கோலமும் போட்டிருக்கிறாள். மாமா அப்போது தெருக்கோடியில் பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தாராம். கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பார். அவர் போய் இறங்கின கம்பெனியில் ஏதோ கேஸ் குழாய் விட்டுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. மாமாவை வேனில் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் வந்தது, நெஞ்சு வரவில்லை. அதற்கப்புறம் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாகிவிட்டார்.

“பூ எங்கிட்ட சொல்லிச்சிமே. நாந்தான் கேக்கல” என்பாள்.

அதிலிருந்துதான் இந்தக் காவல். அவருக்கு இனி ஒரு தரம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு தரம் எந்தக் காற்றில் வரும் என்பதுதான் அவளுடைய பகலும் இரவும்.

ஏன் ரோஜா வைக்கக்கூடாது என்று ஒரு நாள் கேட்டேன். என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ரோஜா நாலு நாளு கெடக்கும். ஓரம் கருகிச்சின்னா அது நேத்து கருகிச்சா முந்தாநாளு கருகிச்சான்னு யாரு கண்டா? ஒரு நாள் பூவுக்கு நேத்துன்னு ஒண்ணு கெடயாது. இன்னிக்கு காத்து இன்னா பண்ணிச்சோ அதான் அது மூஞ்சில கீது.”

இதழில் ஏதாவது கண்டுவிட்டாள் என்றால் எழுந்து நின்று, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்: “காத்து சரியில்ல. சாத்துங்கமே.” கத்தமாட்டாள். பால்காரன் வந்திருக்கிறான் என்று சொல்வது போலத்தான் சொல்வாள். அவள் உள்ளே போய்ப் பழைய புடவைகளை நனைத்துக் கதவுக்கு அடியில் திணிப்பாள். ஜன்னலைச் சாத்தி அதன் மேலும் ஈரத்துணி. மாமாவின் மூக்கில் ஒரு ஈரத்துண்டு. அப்புறம் கதவோரத்தில் உட்கார்ந்து, கடல்காற்று திரும்புகிற வரைக்கும் அசையமாட்டாள். எங்கள் பக்கத்தில் கிழக்கே இருந்து வருவது கடல்காற்று. மேற்கே இருந்து வந்தால் அது மணலிக் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சலித்துக்கொள்ளாதவர்கள் அந்தக் காம்பவுண்டில் இல்லை. நானும்தான். என் நாத்தனாரைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்கு, கேசரித் தட்டை நீட்டுகிற நேரம் பார்த்து வெளியே அவள் குரல் கேட்டது. நாங்கள் யோசிப்பதற்குள் அவளே வந்து எங்கள் கதவைச் சாத்தி, ஈரத்துணியைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள். பட்டுப்புடவையும் வேட்டியுமாக வந்த சனம் அந்த ஒற்றை அறைக்குள் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் தாயார் தட்டில் இருந்த கேசரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார். பிற்பாடுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரர் ஆசிட் ஊற்றிக் கக்கூஸ் கழுவின தண்ணீர் வழிந்து போய்ச் சங்குப்பூ வேரில் சேர்ந்திருக்கிறது. அந்தச் சம்பந்தம் முடியவில்லை. நான் ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அவள் ஒன்றும் நடக்காதது போல், “இன்னாமே, மூஞ்ச தூக்கிகினு கீற?” என்று கேட்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கோபத்தில் ஒரு முறை நாக்கில் சனி புகுந்து சொல்லியும் விட்டேன். “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றக்கா நீ” என்று. அவள் செடியைப் பார்த்தபடியே, “ஆமாமே. இன்னொரு கண்ணு பாக்கி கீதே” என்றாள்.

ஆனால் பலித்த தரமும் உண்டு. அதுதான் தொல்லை. ஒரு மழைக்கால சாயங்காலம் அந்திமந்தாரையைப் பார்த்துவிட்டுச் சாத்தச் சொன்னாள். வாடை ஒன்றும் இல்லை, ஆனாலும் சாத்தினோம். அடுத்த தெருவில் சாத்தாதவர்கள் கண் எரிந்து, வாந்தி எடுத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றார்கள். அன்று முதல் அவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்கூட, சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். பயம் அப்படித்தான், ஜலதோஷம் மாதிரி வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொள்ளும். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே என் கண் தானாக அவள் வாளிகளுக்குப் போய்விட்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கோடை வந்தது.

கத்திரி பிறப்பதற்கு முன்னாலேயே அனல். ஷீட்டுக்குக் கீழே படுத்தால் ரொட்டி அடுப்புக்குள் படுத்த மாதிரி இருந்தது. வழக்கமாக மத்தியானத்துக்குள் எட்டிப் பார்க்கிற கடல்காற்று, பொழுது சாய்ந்துதான் வந்தது, சில நாள் வரவே இல்லை. பகல் முழுக்க மேல்காற்றுதான். அதாவது வெயில் எவ்வளவு நேரம் கொளுத்துகிறதோ அவ்வளவு நேரமும் மணலிப் பக்கத்துக் காற்று.

பூக்கள் குழம்பிப்போய்விட்டன. சங்குப்பூ விரியும்போதே ஓரம் காய்ந்து விரிந்தது. பத்துமணிப்பூ பத்து மணியைப் பார்க்காமலே சுருண்டது. அந்திமந்தாரை மொட்டாகவே கறுத்து உதிர்ந்தது. தினமும் எல்லாம் கருகுகிறது. எது வெயில், எது காற்று? அக்காவுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“வெயிலாமே இது? நீ சொல்லு” என்று வாடின பூ ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வருவாள். அவளாகப் பூப் பறித்து நான் பார்த்தது அந்தக் கோடையில்தான்.

“வெயில்தாங்க்கா. ஊரே காயுது.”

“வெயிலுன்னா சுத்தி வர காயணும்ல? இது மேக்கால மட்டும் காஞ்சிகீது பாரு.”

பார்த்தால் அப்படித்தான் இருந்த மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. நான் என்ன சொல்ல?

செடிகளைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துப் பார்த்தாள். நிழலில் மொட்டு விரியவே இல்லை. திரும்ப வெளியே வைத்தாள். அப்புறம் ஒரு வேலை செய்தாள் பாருங்கள். மாமாவின் பழைய கறுப்புக் குடையை எடுத்து வந்து, உச்சி வெயிலில் நின்றுகொண்டு, வாளிகளுக்குப் பிடித்தாள். பூவுக்குக் குடை, அவள் தலைக்கு வெயில். வெயில் படாமலும் ஒரு பூ கருகினால் அது காற்றுதான் என்று கண்டுபிடிக்கிறாளாம். குடையைச் செடியோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தாள், அனல்காற்று பிடுங்கிக்கொண்டு போனது. அதனால் கையில் பிடித்தே நின்றாள்.

“உனுக்கு இன்னாத்துக்குக்கா இந்தப் பேஜாரு? மண்ட காஞ்சி வுயுந்துடுவ” என்று, எனக்கு வராத அவள் பாஷையிலேயே திட்டினேன். உப்புப் போட்டு ஒரு சொம்பு மோர் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். “தல சுத்திகினுதான் கீது” என்று வாங்கினவள், நேரே உள்ளே கொண்டுபோய் மாமாவுக்குப் புகட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மாமா கட்டிலில் இருந்து கையைத் தூக்கி, விடு என்பதுபோல் ஆட்டினார். அவருக்கு ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு மூச்சு செலவாகும்.

அப்புறம் ஒரு நாள் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. என் மிஷின் கால்மிஷின், ஓட்டிக்கொண்டிருந்தேன். மேல்காற்று சந்துக்குள் புழுதியோடு வந்தது. அக்கா வாளிகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். குடை கையில் மடங்கி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “சாத்துமே” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் வாடை வரலைக்கா.”

“உன் மூக்கு செத்த மூக்கு. இங்க அல்லாருக்கும் அதான்.”

“இந்தப் புழுக்கத்துல சாத்தினா மாமா தாங்கமாட்டாருக்கா. சொன்னாக் கேளு.”

“தொறந்தா மட்டும் தாங்குவாரா?” என்றாள். “எனுக்குத் தெரிலமே. மெய்யாலுமே எனுக்குத் தெரில இன்னிக்கி.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சாத்தவில்லை. சாத்தாமல் உட்கார்ந்துகொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை கரகரத்த மாதிரி இருந்தது. புழுதியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடித்தபோது எழுந்துபோய் அவள் கதவைத் தட்டினேன். “தொறக்கமாட்டேன். கடக்காத்து வரட்டும்” என்று பதில் வந்தது. மாமா எப்படி இருக்கிறார் என்றேன். “நல்லா கீறாரு, தொடச்சி வுட்டுகினு கீறேன்” என்றாள். திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போய்த் தட்டினபோது, “ம்” என்று மட்டும் கேட்டது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அந்த மனுஷன் உள்ளே வெந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் என் கவலை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் உயிரோடு இருப்பாளா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுகிற சத்தம். நின்று நின்று தட்டுகிறது.

நான் சந்து முனைக்கு ஓடி இஸ்திரி வண்டிக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் தோளால் இடித்தார். தாழ்ப்பாள் விட்டுப்போயும் கதவு திறக்கவில்லை, பின்னால் ஏதோ அண்டக்கொடுத்திருந்தது. மாமா விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்துவிட்டேன். இஸ்திரிக்காரர் ஜன்னலை நெம்பித் திறந்து ஈரத்துணியைப் பிடுங்கி எறிந்தார். எட்டிப் பார்த்தேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு, மார்பில் ஈரத்துண்டு, காலில் நனைத்துச் சுற்றின புடவை. மனுஷன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் டம்ளர். அவரால் பேச முடியவில்லை, டம்ளரைக் கதவுப் பக்கமாக நீட்டி நீட்டிக் காட்டினார்.

கதவில் சாய்ந்து அக்கா கிடந்தாள். ஒரு கை கதவிடுக்கில் துணியை அழுத்தினபடியே இருந்தது. இஸ்திரிக்காரர் கதவை மெல்ல மெல்லத் தள்ளி, நான் இடுக்கு வழியாக நுழைந்து அவளைத் தொட்டேன். பொட்டு வியர்வை இல்லை. உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. முகத்தில் தெளிக்கக் குடத்தைக் கவிழ்த்தேன், காலி. அண்டாவும் காலி. வீட்டில் இருந்த தண்ணீர் அவ்வளவும் அவர் மேல் இருந்தது. தனக்கென்று ஒரு கைத்துண்டைக்கூட அவள் நனைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் பயந்தாளே, அவ்வளவு பயத்தில் தன் மூச்சுக்கென்று ஒரு துளி ஒதுக்கவில்லையே பாவி.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெயில்தான் என்றார்கள். இந்த வாரம் முழுக்க அப்படிப்பட்டவர்களைத்தான் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். வெளியே என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், “எங்க தெருவுல காலைலேர்ந்து ஒரு மாரி நெடிக்கா, புள்ளைக்குக் கண்ணு தொறக்க முடில” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தத் தெரு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா சரியாகத்தான் பார்த்தாளா, தப்பாகப் பார்த்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று இரவே அவள் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பொன்னேரியில் கட்டிக்கொடுத்த மகள் வந்திருந்தாள். ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து அந்த ஒற்றை அறையில் வைத்ததும் ஆள் நிற்க இடமில்லை. மாமா பெட்டியை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழுதால் மூச்சு முட்டும் என்பதால் அவர் அழவில்லை. கண்ணாடிக்குள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் நெடி வந்தது. இந்த முறை எனக்கே தெரிந்தது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஊசி இறங்கின மாதிரி. சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தோளில் இருந்த துண்டு மூக்குக்குப் போனது. யாரும் யாரையும் பார்க்காமல் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. சாவு வீட்டில் மிச்சமிருந்தது மாமா, மகள், நான்.

மகள் எழுந்து கதவைத் தள்ளினாள். நான் ஜன்னலுக்குப் போனேன்.

“வோணாம்” என்றார் மாமா.

“அப்பா, நெடி வருதுப்பா. உனுக்கு ஆவாதுப்பா.”

“தொற.” ஒரு மூச்சு இழுத்தார். “நேத்து பூரா... புயுங்கிகினு கெடந்தா.” இன்னொரு மூச்சு. “அவளுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்.”

ஐஸ் பெட்டிக்குள் இருப்பவளுக்கு என்ன புழுக்கம்? மகள் கதவை விட்டாள். நான் ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் இருமத் தொடங்கினார்.